ஸ்டெபிலைசர் மாட்டுன ஆர்சி பிளேன் கைய விட்டதும் கவுந்துருச்சு, எங்க தப்பு?

பொள்ளாச்சி_காத்து | ஞாயிறு ராத்திரி 9:40

வணக்கமுங்க. நான் இங்க எழுதுனது கம்மி, படிக்கிறதோட சரி. இன்னைக்கு நடந்தத அப்படியே சொல்றேன், தெரிஞ்சவங்க கொஞ்சம் வழி சொல்லுங்க.

பிளேன் ரிமோட்ல பறக்குற ஹை விங் ட்ரெயினர் (றெக்கை பாடிக்கு மேல இருக்குற, பழகறதுக்கான மாடல்), றெக்கை 1.2 மீட்டர், கோரோபிளாஸ்ட்டும் சன்போர்டும் வெட்டி நானே ஒட்டுனது. ஏ2212 1000 கேவி மோட்டார், 30 ஆம்ப் இஎஸ்சி (மோட்டார் வேகத்தக் கட்டுப்படுத்தற போர்டு), 10 இன்ச் ப்ராப் (சுத்துற விசிறி), 3எஸ் 2200 பேட்டரி, 9 கிராம் சர்வோ (பட்டைய அசைக்கற குட்டி மோட்டார்) நாலு, ரிமோட் ஃப்ளைஸ்கை ஐ6. எல்லாம் சேத்து 950 கிராம். ஸ்டெபிலைசர் (பிளேன் ஆடறத சென்சார்ல பாத்துத் தானாத் திருத்தற குட்டி போர்டு) இல்லாம இதே பிளேன் இருவது தடவைக்கு மேல பறந்துருக்கு, ஒரு குறையும் இல்ல.

ஆனா எங்கூர்ல வைகாசி முடிஞ்சாலே பாலக்காட்டுக் கணவா வழியா காத்து உள்ள வந்துருமுங்க, ஆடி முச்சூடும் நிக்காது, அதுக்குத்தான இந்தப் பக்கம் அத்தன காத்தாடி நட்டு வெச்சிருக்காங்க. பாப்பாவுக்கு 13 வயசு, இப்பத்தான் ஸ்டிக் புடிச்சுப் பழகிட்டு இருந்தா, காத்து றெக்கையத் தூக்கித் தூக்கிப் போடவும் பயந்துட்டா. அவளுக்காகத்தான் ஸ்டெபிலைசர் வாங்குனேன். கடைக்காரர் "மாட்டுனாப் போதுமுங்க, கைய விட்டாலும் நேராப் போகும்"னு சொல்லிக் குடுத்தார், நானும் நம்பிட்டேன்.

டப்பால போட்டிருந்த அம்புக்குறி மூக்குப் பக்கம் பாத்த மாதிரி டபுள் டேப் வெச்சு ஒட்டுனேன், ரிசீவர்ல இருந்து ஒயர் எல்லாம் சரியாக் குடுத்தேன், ஸ்டிக்க ஆட்டி ஏலரான் (றெக்கைப் பட்டை), எலிவேட்டர் (வால்ல மேல கீழ அசையற பட்டை), ரடர் (வால்ல இடது வலது அசையற பட்டை) மூணும் சரியான பக்கம் போகுதான்னு ரெண்டு தடவ பாத்தேன். எல்லாம் சரி. காட்டுக்குப் போயி நான் வீசுனேன், ஸ்டிக் பாப்பா கையில. கையவிட்டு ரெண்டு மூணு மீட்டர் போறதுக்குள்ள இடது றெக்கை லேசாத் தாழ்ந்துச்சு, அவ சரியா வலதுதான் குடுத்தா, நான் பக்கத்துல நின்னு பாத்தேன், ஆனா அது இன்னும் வேகமா இடதாலயே உருண்டு நேராத் தரையில மூக்கக் குத்திருச்சு. மோட்டார் மவுண்ட் பிஞ்சு, மூக்கு ஒரு சாண் போச்சு. "நாந்தான் தப்பாப் பண்ணிட்டேன்"னு பாப்பா ராத்திரி சாப்பிடவே இல்லீங்க. தரையில சரியா இருந்தது மேல எப்படிங்க தப்பாகும்?

சர்வோ_சத்தம் | ஞாயிறு 10:05

சார் முதல்ல தங்கச்சிகிட்ட சொல்லிடுங்க, அவங்க மேல தப்பே இல்ல. ஒரே ஒரு கேள்வி. ஸ்டிக்க ஆட்டிப் பாத்தேன்னு சொன்னீங்க, ஸ்டிக்கத் தொடாம பிளேனக் கையில தூக்கி, றெக்கைய சாச்சு, அப்ப ஏலரான் எந்தப் பக்கம் போகுதுன்னு பாத்தீங்களா?

பொள்ளாச்சி_காத்து | ஞாயிறு 10:50

இல்லீங்க தம்பி. அப்படி ஒண்ணு பாக்கோணும்னே தெரியாது.

நீங்க கேட்டதும் மிச்சமிருந்த பாடிய சாப்பாட்டு மேசை மேல வெச்சேன், ப்ராப் ஏற்கெனவே ஒடஞ்சுதான் கெடக்குது, பேட்டரி குடுத்துட்டு பாப்பாவ வலது றெக்கைய சட்டுனு தூக்கச் சொன்னேன். வலது ஏலரான் கீழ போச்சு. திருப்பித் தூக்கச் சொன்னேன், திருப்பியும் கீழதான். ஏலரான் கீழ போனா அந்தப் பக்க றெக்கை இன்னும் மேலதான போகும்? இது கவுக்கறதுக்கே வெச்ச மாதிரி இருக்குதுங்களே.

வைகைக்கரை | திங்கள் காலை 6:20

தம்பி, ஆளுக்கு அடி எதுவும் படலையே, அதுவே பெரிய விஷயம்.

உங்க பிளேன்ல இப்ப ரெண்டு ரிவர்ஸ் இருக்கு. ஒண்ணு ரிமோட்ல இருக்குற ரிவர்ஸ் மெனு, அது ஸ்டிக்குக்கு மட்டும். இன்னொண்ணு ஸ்டெபிலைசருக்குள்ள இருக்குற ஜைரோவுக்கான (பிளேன் சுத்துறத உணர்ற சென்சார்) ரிவர்ஸ், அது சென்சார் பாத்துக் குடுக்குற திருத்தத்துக்கு. ரிமோட்ல எத்தன தடவ மாத்துனாலும் ஜைரோ பக்கம் மாறவே மாறாது, ஏன்னா ஜைரோ சர்வோவுக்கு நேரா சொல்லுது, ரிமோட்டக் கேக்குறதே இல்ல. அதனாலதான் ஸ்டிக் சரியா இருந்தும் பிளேன் கவுந்துச்சு. லேசா இடது சாஞ்சதும் ஜைரோ "இன்னும் இடது"ன்னு குடுத்துருக்கு, அது சாயச் சாய அதிகமாக் குடுக்கும், பிள்ளை குடுத்த வலது அதுக்கு முன்னாடி நிக்காது.

சில போர்டுல ஜைரோ ரிவர்ஸுக்குக் குட்டி சுவிட்ச் இருக்கும், சிலதுல கெயின் (திருத்தம் எவ்வளவு பலமா வரணும்ங்கற அளவு) திருகே நடுவுல பூஜ்ஜியம், அங்கிட்டுத் திருகுனா நேர், இங்கிட்டுத் திருகுனா எதிர், சிலதுல கம்ப்யூட்டர்ல மாட்டி மாத்தணும். உங்களுது எதுன்னு பாத்துக்கங்க. வரிசை மட்டும் மாறக்கூடாது: முதல்ல ரிமோட்ல ஸ்டிக் பக்கம் சரி பண்ணணும், அப்புறந்தான் ஜைரோ பக்கம்.

இன்னொண்ணும் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. பழகுற பிள்ளைக்கு இது வேணாம். நான் பெட்ரோல் இஞ்சின் காலத்துல இருந்து பறக்க விடுறேன், கை பழகாம மெஷின் பழகுனா ஒருநாள் அந்த மெஷின் நின்னதும் கையும் நின்னுடும். காத்து இல்லாத விடியக்காலையில விடுங்க, ஆறு மாசம் ஆகட்டும்.

சர்வோ_சத்தம் | திங்கள் 1:15

ஐயா உங்க அனுபவத்துக்கு முன்னாடி நான் சின்னப் பையன், ஆனா இதுல எனக்கு ஒப்புதல் இல்ல.

காத்து இல்லாத நேரம்னா அவங்க ஊர்ல ஆடி மாசம் விடியக்காலை அரைமணி நேரம் கிடைக்கும், அதுவும் பள்ளிக்கூடம் இல்லாத நாளா இருக்கணும். பழகுற நேரத்துல ஒரு குழந்தைக்கு வேண்டியது காத்துல நிமிஷம் நிமிஷமா சேர்ற நேரம், ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவ ஒடச்சு ரெண்டு வாரம் ஒட்டிட்டு இருந்தா எப்ப பழகுறது? ரேட் மோட்னு இருக்கே, அது பிளேன நேராக்காது, எங்கயும் திருப்பாது, காத்து சடார்னு தள்ளுற அந்த வேகத்த மட்டும் அமுக்கும். ஸ்டிக் விட்டா சாஞ்சது சாஞ்சபடியே நிக்கும், நிமித்துறது பழகுறவங்க வேலைதான். அது கைய மழுங்கடிக்காது. தானா நிமித்துற லெவல் மோடத்தான் நான் வேணாம்பேன், அதுவும் திக்கு தெரியாமப் போற நேரத்துக்கு ஒரு சுவிட்ச்ல வெச்சுக்கலாம்.

அப்புறம் இது நேத்து வந்த சங்கதியும் இல்ல ஐயா. 1914 ஜூன் 18, பாரிஸ் பக்கத்துல சேன் நதி மேல, லாரன்ஸ் ஸ்பெரின்னு 21 வயசுப் பையன் கர்ட்டிஸ் சி-2 பறக்கும் படகுல ஜைரோ ஸ்டெபிலைசர் வெச்சு, ஜனங்க பாக்க ரெண்டு கையையும் தூக்கிக் காட்டிட்டுப் போனான். கூட வந்த மெக்கானிக் எமில் காஷன் பறக்குறப்பவே றெக்கை மேல ஏறி நடந்தாரு, ஒரு பக்கம் அவ்வளவு கனம் ஏறியும் அது சமாளிச்சுச்சு. விமானம் வந்து 11 வருசத்துலயே அவங்களுக்கு இது தேவைப்பட்டிருக்கு.

வைகைக்கரை | திங்கள் 8:30

அந்தக் கதை எனக்கும் புடிக்கும் தம்பி. நானும் எதிரி இல்ல, இந்த எம்இஎம்எஸ்ங்கற குட்டி சென்சார் சிப்பு வர்றதுக்கு முன்னாடியே கோ-பைலட்டுன்னு ஒண்ணு வந்துச்சு, நாலு பக்கமும் அகச்சிவப்பு சென்சார், வானம் குளிர்ச்சி தரை சூடுங்கறத வெச்சே எது மேல எது கீழன்னு கண்டுபிடிக்கும், அதையும் வெச்சுப் பறக்கவிட்டவன்தான் நான். சரி, ரேட் மோட் மட்டும்னா ஒத்துக்கிறேன். ஆனா ஜைரோவ முழுசா ஆஃப் பண்ற சுவிட்ச் கண்டிப்பா வேணும், அதுல விட்டுக்குடுக்க மாட்டேன்.

மின்கம்பி | திங்கள் 10:10

நான் சென்சார் போர்டு டெஸ்ட் பண்ற வேலையில இருக்கேன், மாட்டுறதப் பத்தி எனக்குத் தெரிஞ்சத சொல்றேன் அண்ணா.

ஜைரோ சிப் அளக்குறது சுத்துற வேகத்த. எந்தக் கோணத்துல நிக்குதுன்னு அதுக்குத் தெரியாது, அதுக்குத்தான் கூடவே ஆக்சிலரோமீட்டர், புவியீர்ப்பு எந்தப் பக்கம்னு பாக்கும். லெவல் மோடுக்கு ரெண்டும் வேணும், ரேட் மோடுக்கு ஜைரோ மட்டும் போதும். ஆக்சிலரோமீட்டருக்கு ப்ராப் அதிர்வு ஆகவே ஆகாது. அதனால புது ப்ராப் வாங்குனதும் பேலன்ஸ் பாருங்க, நடு ஓட்டைல கம்பி விட்டு ரெண்டு கப் விளிம்புல வெச்சா கனமான பக்கம் கீழ வரும், எதிர்ப் பக்கத்துல செல்லோடேப் துண்டு ஒட்டி ஒட்டி சமமாக்கணும். போர்ட ஒட்டுறதுக்கு ஒரு மில்லிமீட்டர் தடிமன் உள்ள கெட்டியான ஃபோம் டேப் போதும். ஸ்பாஞ்ச் மாதிரி தொளதொளன்னு இருந்தா போர்டு தனியா ஆடும், பிளேன் ஆடுதுன்னு நெனச்சு அது திருத்தம் குடுத்துட்டே இருக்கும். சிஜி (பிளேனோட கனம் சமமா நிக்குற புள்ளி) பக்கத்துல வெச்சா நல்லது, ஆனா அத விட முக்கியம் பாடிக்கு நேரா இருக்குறது. கோணலா ஒட்டுனா ரோல் (றெக்கை சாயுறது) பண்ணும்போது கொஞ்சம் யா (மூக்கு இடது வலது திரும்புறது) கலந்துடும்.

பவர் குடுத்ததும் அசைக்காம தரையில வைங்க. அந்த சில செகண்டுலதான் "இதுதான் பூஜ்ஜியம்"னு அது குறிச்சுக்கும், கையில புடிச்சுட்டே பேட்டரி மாட்டுனா அந்த ஆட்டமே பூஜ்ஜியமாப் பதிஞ்சுடும். கார் டிக்கியில வெந்துட்டு இருந்தத எடுத்து உடனே விடாதீங்க, சூடு மாறினா பூஜ்ஜியமும் நகரும், நிழல்ல ரெண்டு நிமிஷம் இருந்துட்டு பவர் குடுங்க.

அப்புறம் சர்வோ. நீங்க போட்டிருக்குறது எஸ்ஜி90 மாதிரி அனலாக்னா ஸ்டெபிலைசர்ல சர்வோ வேகம் 50 ஹெர்ட்ஸ்ல இருக்கான்னு கட்டாயம் பாருங்க. 333 ஹெர்ட்ஸ் டிஜிட்டல் சர்வோவுக்கு, அனலாக்ல குடுத்தா கிர்ர்ருன்னு சூடாகி எரிஞ்சே போயிடும்.

டெல்டா_றெக்கை | செவ்வாய் 7:45

நடுவுல வாரேன், மன்னிக்கணும். என்கிட்ட இருக்குறது வால் இல்லாத பறக்கும் றெக்கை, ரெண்டு எலிவான் (ஏலரான், எலிவேட்டர் ரெண்டு வேலையும் செய்யுற பட்டை) மட்டுந்தான். ரிமோட்ல எலிவான் மிக்ஸ் போட்டுருக்கேன், ஸ்டெபிலைசர்லயும் டெல்டா மோடுன்னு கெடக்கு, ரெண்டையும் போட்டா ஸ்டிக்க வலது தள்ளுனா ஒரு பக்கந்தான் அசையுது. என்ன செய்ய அண்ணாச்சி?

சர்வோ_சத்தம் | செவ்வாய் 8:00

ரிமோட்ல இருக்குற மிக்ஸ எடுத்துடுங்க, ஸ்டெபிலைசர்ல மட்டும் இருக்கட்டும். சென்சார் திருத்தத்த அதுதான் பிரிச்சுக் குடுக்கணும், அதுக்கு ரோல் தனி பிட்ச் (மூக்கு மேல கீழ போறது) தனியா உள்ள வந்தாதான் முடியும். வி வடிவ வாலுக்கும் இதேதான்.

டெல்டா_றெக்கை | செவ்வாய் 9:20

சரியாயிட்டு. ரொம்ப நன்றி கேட்டியளா.

பொள்ளாச்சி_காத்து | வியாழன் ராத்திரி 10:30

மூக்கு மறுபடி கட்டியாச்சுங்க. மூங்கில் குச்சி ரெண்டு உள்ள விட்டு ஒட்டுனேன், மோட்டார் மவுண்ட்டுக்கு ஒட்டுப்பலகை. சர்வோ எல்லாத்தையும் நடுவுல நிறுத்தி, ஆர்ம 90 டிகிரில மாட்டி, சைக்கிள் ஸ்போக் கம்பி நீளத்த மாத்தித்தான் ஏலரான நேராக்குனேன், ரிமோட் ட்ரிம் (பட்டையோட நடு நிலைய நுணுக்கமா நகத்தறது) எல்லாம் பூஜ்ஜியம். 5ஆம் சேனல்ல மூணு நிலை சுவிட்ச், மேல ஆஃப், நடுவுல ரேட், கீழ லெவல். 6ஆம் சேனல்ல திருகு குமிழ், அது கெயின். ஏலரான் ரெண்டுக்கும் ஸ்டெபிலைசர்லயே தனித்தனியா ரெண்டு அவுட் இருக்கறதால ரிசீவர்ல ஒரு சேனல் போதுமாயிருச்சு, இல்லாட்டி ஆறு சேனல் பத்தியிருக்காது.

அப்பறம் ஜைரோ பக்கம் பாத்தோம். நான் "றெக்கை தூக்குனா அதுக்கு எதிரா, மூக்கு தூக்குனா அதுக்கு எதிரா"ன்னு ஒவ்வொண்ணா மனசுல கணக்குப் போட்டுக் கொழம்பிட்டு இருந்தேன், ரடர் வந்ததும் சுத்தமாக் கொழம்பிருச்சு. பாப்பா பத்து நிமிஷம் தூக்கித் தூக்கிப் பாத்துட்டு "அப்பா, எத எந்தப் பக்கம் நகத்துறமோ அது மேல இருக்குற பட்டையும் அதே பக்கம் நகருது, அவ்வளவுதான்"னா. பாத்தா அப்படியேதானுங்க இருக்குது. வலது றெக்கையத் தூக்குனா வலது ஏலரானும் மேல. வாலத் தூக்குனா எலிவேட்டரும் மேல. வால வலதால தள்ளுனா ரடரும் வலதால. இது சரிங்களா, இல்ல எங்களுக்கு மட்டும் அப்படி அமஞ்சுதா?

வைகைக்கரை | வெள்ளி 5:50

சரி, நூத்துக்கு நூறு சரி. வால் மேல போச்சுன்னா மூக்கு கீழ போகுது, மூக்க நிமித்த எலிவேட்டர் மேல வரணும். வால் வலது போச்சுன்னா மூக்கு இடது போகுது, திருப்பிக் கொண்டுவர ரடர் வலது வரணும். இத்தன வருசத்துல நான் எத்தனையோ பேருக்கு நீட்டி முழக்கிச் சொல்லிக் குடுத்துருக்கேன், இவ்வளவு சுருக்கமா எனக்கு வந்ததில்ல. இனிமே பாப்பா சொன்னபடியேதான் சொல்லிக் குடுக்கப் போறேன், அவகிட்ட சொல்லுங்க.

இத ஒரு நாள் பாத்துட்டு விட்டுறாதீங்க. ஒவ்வொரு தடவ பேட்டரி மாத்துனதும் வீசுறதுக்கு முன்னாடி ப்ராப்ப விட்டு கைய எட்ட வெச்சு றெக்கை, வால், ரெண்டையும் ஆட்டிப் பாத்துடணும். பத்து செகண்டுதான் ஆகும்.

இனி பறக்குறது. முதல் பேட்டரி முழுக்க ஜைரோ ஆஃப். ஏன்னு சொல்றேன். வால் கனம் இருக்குற பிளேன ஜைரோ தாங்கிப் புடிச்சு நல்ல பிளேன் மாதிரி காட்டும், உங்களுக்குத் தெரியவே தெரியாது, ஒரு நாள் சுவிட்ச ஆஃப் பண்ணதும் அந்தர் பல்டி அடிக்கும். மூக்க நீங்க புதுசாக் கட்டியிருக்கீங்க, கனம் மாறியிருக்கும். றெக்கை அகலம் 20 சென்டிமீட்டர்னா முன் விளிம்புல இருந்து 5க்கும் 6க்கும் நடுவுல சிஜி நிக்கட்டும். மேல போயி பாதி த்ராட்டில்ல நேராப் பறக்குற மாதிரி ட்ரிம் பண்ணுங்க, அப்புறம் உயரத்துல இருந்து சரிவா கீழ விட்டு ஸ்டிக்க விட்டுப் பாருங்க. மெதுவா தானா நிமிந்தா நல்லது, சடார்னு நிமிந்தா மூக்கு கனம், நிமிராம இன்னும் கீழயே போனா வால் கனம், உடனே எறக்கி பேட்டரிய முன்னாடி தள்ளணும். உயரம் 120 மீட்டரத் தாண்ட வேணாம், ட்ரோன் விதிகள் 2021ல பச்சை மண்டலமே (முன் அனுமதி இல்லாம பறக்கவிடுற பகுதி) அந்த 400 அடி வரைக்குந்தான், ஏர்போர்ட் எல்லையில இருந்து 8 டு 12 கிலோமீட்டருக்குள்ளன்னா 200 அடி.

ரெண்டாவது பேட்டரில ரேட் மோட், கெயின் 30ல ஆரம்பிங்க. அத முழு த்ராட்டில்ல வெச்சுத்தான் பாக்கணும். மெதுவாப் போறப்ப நல்லா இருக்குற கெயின், வேகம் கூடுனதும் றெக்கையப் படபடன்னு ஆட்டிரும், வேகம் ரெண்டு மடங்கானா அதே ஏலரானுக்கு நாலு மடங்கு பலம்ல. ஆட ஆரம்பிச்சா த்ராட்டில முதல்ல கொறைங்க, அப்புறம் குமிழக் கொறைங்க.

கடைசியா ஒண்ணு, இத பாப்பாவுக்குப் புரியுற மாதிரி சொல்லிடுங்க: ஜைரோ ஸ்டால்ல (வேகம் கொறஞ்சு றெக்கை தூக்குற பலத்த இழக்குறது) இருந்து காப்பாத்தாது. வேகம் செத்து ஒரு றெக்கை கீழ விழுந்தா ஜைரோ அந்தப் பக்க ஏலரானக் கீழ எறக்கி றெக்கையத் தூக்கப் பாக்கும், ஆனா கீழ எறங்குன ஏலரான் அந்த நுனிய இன்னும் ஸ்டாலுக்குள்ள தள்ளி விட்டுடும். எறங்குறப்ப வேகம் விடவே கூடாது, ஆடாம அமைதியா வருதேன்னு மெதுவாக்கிடக் கூடாது.

மின்கம்பி | வெள்ளி 9:05

ஹோல்ட் மோட்னு இன்னொண்ணு இருந்தா அதத் தரையில போடாதீங்க அண்ணா. விட்ட கோணத்துக்கே திரும்பக் கொண்டுவரப் பாக்குற மோட் அது, தரையில நீங்க பிளேனத் திருப்புனதக் கூட திருத்தணும்னு சேத்து வெச்சுட்டே இருக்கும், ஏலரான் ஒரு பக்கமா ஏறி நிக்கும், அப்படியே வீசுனா போச்சு. அதுல ட்ரிம்மும் தொடக்கூடாது, ட்ரிம்ம ஸ்டிக் அசைவுன்னு எடுத்துக்கும்.

லெவல் கேலிபரேஷன் பண்றப்ப மூக்க ரெண்டு மூணு டிகிரி மேல வெச்சுப் பண்ணுங்க. தட்டையா வெச்சா ஸ்டிக் விட்டதும் மெல்ல எறங்கிட்டே வரும்.

பொள்ளாச்சி_காத்து | ஞாயிறு மத்தியானம் 12:20

பறந்துருச்சுங்க!

விடியக்காலைல 6 மணிக்கே போயிட்டோம். ரிமோட்டோட தூரமா நடந்து போயி சிக்னல் ரேஞ்ச் பாத்தேன். ஜைரோ ஆஃப்ல முதல் பேட்டரி நான் விட்டேன், ஐயா சொன்ன மாதிரியே சரிவு விட்டுப் பாத்தா நிமிரவே இல்ல, நேரா கீழயே போச்சு. பழைய கனமான மவுண்ட்ட எடுத்துட்டு லேசான ஒட்டுப்பலகை போட்டதுல முன்பக்கம் கனம் கொறஞ்சிருக்குது. எறக்கி பேட்டரிய ஒரு வெரக்கடை முன்னாடி தள்ளவும் சரியாயிருச்சு. ஜைரோ போட்டே விட்டிருந்தா இது எனக்குத் தெரிஞ்சே இருக்காதுங்க.

ஏழரைக்குக் காத்து எந்திரிச்சுருச்சு. ரேட் மோட் போட்டு 30ல வெச்சேன், தென்னந்தோப்பத் தாண்டி வர்ற இடத்துல எப்பவும் ஒரு முரட்டு ஒதை வாங்கும், அங்க லேசா சிலுப்பிட்டு அப்படியே வந்துச்சு. குமிழ மெல்ல ஏத்துனேன், 45 வரைக்கும் நல்லா இருந்துச்சு, 50ல முழு த்ராட்டில் குடுத்ததும் றெக்கை டடடடன்னு நடுங்குச்சு, த்ராட்டில் கொறச்சு 40க்கு எறக்கிட்டேன். ஆனா 40லயும் வேகமாப் போறப்ப வால் மட்டும் யாரோ புடிச்சு ஆட்டுன மாதிரி சின்னதா ஒரு ஆட்டம் இருக்குது, மேலயும் கீழயுமா.

மூணாவது பேட்டரி பாப்பா. முதல்ல வேணாம்னா. பிளேன அவ கையில குடுத்து றெக்கை, வால் ஆட்டிப் பாக்கச் சொன்னேன், பாத்துட்டு "சரியா இருக்கு, வீசுங்க"ன்னா. ஆறு நிமிஷம் பறக்க விட்டா, நாலு தடவ எட்டு போட்டா, திருப்பி நிமித்தறது எல்லாம் அவளே. ஒரு எடத்துல பிளேன் எங்களப் பாத்து வர்றப்ப இடது வலது மாறிப்போச்சு, சுவிட்ச லெவலுக்குத் தட்டி நிமிந்ததும் மறுபடி ரேட்டுக்கே கொண்டுவந்துட்டா, நான் சொல்லவே இல்லீங்க. எறக்குனது மட்டும் நான்.

வைகைக்கரை | ஞாயிறு 1:40

ரொம்ப சந்தோசம் தம்பி. லெவலப் போட்டுட்டு திரும்ப ரேட்டுக்கு வந்தாள்ல, அதுக்கு அப்புறம் நான் எதிர்த்துப் பேச ஒண்ணும் இல்ல.

வால் ஆட்டத்துக்கு எலிவேட்டர் கம்பியப் பாருங்க. சர்வோவக் கெட்டியாப் புடிச்சுட்டு எலிவேட்டர விரல்ல ஆட்டுங்க, எவ்வளவு லொடலொடன்னு இருக்கு?

பொள்ளாச்சி_காத்து | ஞாயிறு 6:15

பாத்தேனுங்க. சர்வோ ஆர்ம் ஓட்டை பெருசாயி, ஸ்போக் கம்பி உள்ளார மூணு மில்லிமீட்டர் ஆடுது. விழுந்தப்ப கிழிஞ்சிருக்கும்போல, நான் கவனிக்கல. புது ஆர்ம் போட்டு ஓட்டையக் கம்பி அளவுக்கே சூடு வெச்சுப் போட்டேன். கம்பி நடுவுலயும் வளையுது, அதுக்கு ஸ்ட்ரா குழாய ரெண்டு எடத்துல ஒட்டி உள்ள விட்டிருக்கறேன். எலிவேட்டர் கெயின மட்டும் தனியா கொஞ்சம் கொறைக்கட்டுங்களா?

மின்கம்பி | ஞாயிறு 6:40

வேணாம் அண்ணா, ஒரே நேரத்துல ரெண்டு மாத்துனா எதுல சரியாச்சுன்னு தெரியாது. கெயின் 40லயே இருக்கட்டும், முதல்ல இந்தக் கம்பியோட ஒரு தடவ விட்டுப் பாருங்க.

பொள்ளாச்சி_காத்து | அடுத்த ஞாயிறு காலை 9:10

ஆட்டம் போயிருச்சுங்க, கெயின் தொடவே இல்ல. இன்னைக்கு பாப்பாவே எறக்குனா, வேகம் விடாம கொண்டுவந்து வரப்புக்கு இந்தப் பக்கம் புல்லு மேல வெச்சா. ப்ராப் கூட ஒடையல.